ஏக் அனேக் ஔர் ஏக்தா: ஒரு கார்ட்டூன் குறும்படமும் அது கேட்காமல் விட்ட கேள்வியும்

அறிமுகம்

‘ஏக் அனேக் ஔர் ஏக்தா’ என்பது 1974ஆம் ஆண்டு இந்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷன் வெளியிட்ட கார்ட்டூன் குறும்படம். மொழி இந்தி. ஏறத்தாழ 7 நிமிடம் ஓடும். ‘ஒன்று, பல, ஒற்றுமை’ என்று தலைப்பைத் தமிழாக்கலாம். சிறந்த கல்விப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. 1970களிலும் 1980களிலும் தூர்தர்ஷன் இதைத் திரும்பத் திரும்ப ஒளிபரப்பியதால், இந்தி அறியாத ஊர்களிலும் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் இதன் மெட்டை முணுமுணுத்து வளர்ந்தார்கள்.

இக்கட்டுரையின் முற்பகுதி படத்தின் பின்னணியில் இருந்தவர்களைப் பற்றியும் அது உருவான விதத்தைப் பற்றியும் சில செய்திகளைத் தருகிறது. பிற்பகுதி ஒரு திறனாய்வு. பழவேற்காடு ஏரிக்கரைப் பள்ளி ஒன்றில் ஆசிரியராக இருந்தபோது ஒரு மாணவன் என்னிடம் கேட்ட கேள்வியே அதற்குக் காரணம். அன்று நான் அதற்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை.

கதைச் சுருக்கம்

பிள்ளைகள் சிலர் கூடியிருக்கிறார்கள். ‘அனேக்’ என்றால் என்ன என்று ஒரு சிறுவன் அக்காவைக் கேட்கிறான். அவள் இலக்கணம் எதுவும் சொல்வதில்லை, காட்டுகிறாள். சூரியன் ஒன்று, நிலவு ஒன்று, விண்மீன்கள் பல. பிறகு வண்ணத்துப்பூச்சி, அணில், பறவை என்று ஒவ்வொன்றும் முதலில் ஒன்றாகவும் பின்பு பலவாகவும் திரையில் தோன்றுகின்றன.

பறவைகள் வந்ததும் பாட்டு கதையாக மாறுகிறது. தானியம் பொறுக்க இறங்கும் பறவைகள் வேடன் விரித்த வலையில் சிக்குகின்றன. வேடன் என்றால் யார் என்று ஒரு பிள்ளை கேட்க, பறவை பிடிப்பவன் என்று பதில் வருகிறது. பறவைகளைக் கொன்றுவிட்டானா என்று அடுத்த கேள்வி. இல்லை, அவை ஒன்றாகச் சிறகடித்து வலையோடு எழும்பிப் பறந்துவிடுகின்றன. தொலைவில் ஓர் ஊருக்கு அருகே இருக்கும் எலிகள் அவற்றின் நண்பர்கள். எலிகள் வலையைக் கடித்து அறுக்க, பறவைகள் விடுதலை பெறுகின்றன.

கதை கேட்ட பிள்ளைகள் அந்தப் பாடத்தை உடனே சோதித்துப் பார்க்கிறார்கள். எட்டாத மாம்பழத்தை ஒருவர் தோளில் ஒருவர் ஏறிப் பறிக்கிறார்கள். நிறமும் உடையும் மொழியும் வேறானாலும் இந்நாட்டு மக்கள் ஒன்றே என்ற பொருளில் அமைந்த பாட்டோடு படம் முடிகிறது. பல வகைப் பூக்கள் சேர்ந்து ஒரே மாலை ஆவது அதன் கடைசி உவமை.

திரைக்குப் பின்னால் இருந்தவர்கள்

படத்தை இயக்கியவர் விஜயா முளே (1921–2019). கல்வியாளர், ஆவணப்பட இயக்குநர், திரைப்பட வரலாற்று ஆய்வாளர் என்று பல முகம் கொண்டவர். 1959இல் சத்யஜித் ராய் தலைவராக இருந்து இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பு தொடங்கப்பட்டபோது, அதை உருவாக்கியவர்களில் இவரும் ஒருவர். நடிகை சுஹாசினி முளே இவருடைய மகள். டெல்லியில் என்.சி.இ.ஆர்.டி.யின் கல்வித் தொழில்நுட்ப மையத்துக்குத் தலைமை தாங்கி, பள்ளிப் பிள்ளைகளுக்கான தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை உருவாக்கும் பொறுப்பையும் ஏற்றார். 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை, அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளின் உதவியுடன் 6 மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குக் கல்வி ஒளிபரப்பு நடந்தது. அந்தப் பெரிய சோதனையில் பிள்ளைகளுக்கான பகுதிக்கு உழைத்தவர்களில் இவர் முக்கியமானவர். அந்த 6 மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தனியாகத் தொடங்கியது.

படங்களை வடிவமைத்து அசைவூட்டியவர் பீம்சைன் (1936–2018). முல்தானில் பிறந்தவர். நாட்டுப் பிரிவினையின்போது குடும்பத்தோடு இந்தியாவுக்கு வந்து லக்னோவில் ஓவியமும் இசையும் கற்றார். 1961இல் பிலிம்ஸ் டிவிஷனில் பின்னணி ஓவியராகச் சேர்ந்து, அங்கேயே ராம் மோகனிடம் அசைவூட்டத்தைப் பழகினார். ‘தி கிளைம்ப்’ என்ற இவரது குறும்படம் சிகாகோ திரைப்பட விழாவில் வெள்ளி ஹியூகோ விருது பெற்றது. 1977இல் ‘கரோந்தா’ என்ற இந்திப் படத்தையும் இயக்கினார். பத்து வயதில் நாடு இரண்டாகப் பிரிந்ததைக் கண்ட ஒருவர்தான், பிரிந்தவை ஒன்றாகும் கதையை வரைந்திருக்கிறார். இதை அறிந்த பிறகு படத்தைப் பார்த்தால், அந்தப் பறவைகளின் பறத்தல் சற்று வேறாகத் தெரிகிறது.

பாடலை எழுதியவர் பண்டிட் வினய்சந்திர மௌத்கல்யா. 1939இல் டெல்லியில் காந்தர்வ மகாவித்யாலயா என்ற இசைப்பள்ளியை நிறுவியவர். ஒடிசி நடனக் கலைஞர் மாதவி முத்கல் இவருடைய மகள். இசைப்பள்ளியை நடத்திய ஆசிரியர் எழுதிய பாட்டு என்பதால்தான் போலும், இதில் பிள்ளைகள் வாயில் தடுக்கும் சொல் ஒன்றுகூட இல்லை.

இசை வசந்த் தேசாய். சாந்தாராமின் பல படங்களுக்கு இசையமைத்தவர். ‘தோ ஆங்கேன் பாரஹ் ஹாத்’, ‘குட்டி’ ஆகிய படங்களும் இவருடையவை. தமிழர்களுக்கு இவர் வேறு வகையில் நெருக்கமானவர். 1966இல் ஐ.நா. சபையில் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய, காஞ்சிப் பெரியவர் இயற்றிய ‘மைத்ரீம் பஜத’ பாடலுக்கு மெட்டமைத்தவர் இவரே. உலக நட்பைப் பாடும் அந்தப் பாட்டும் நாட்டு ஒற்றுமையைப் பாடும் இந்தப் பாட்டும் ஒரே இசையமைப்பாளரிடமிருந்து வந்தவை என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1975 டிசம்பரில் மும்பையில் மின்தூக்கி விபத்தில் அவர் இறந்தார்.

பிள்ளைக் குரலில் பாடியவர் சாதனா கானேகர் என்ற சிறுமி. பின்னாளில் சாதனா சர்கம் என்ற பெயரில் புகழ்பெற்ற பின்னணிப் பாடகி ஆனார். ‘அலைபாயுதே’ படத்தில் நாம் கேட்டது இவர் குரலே. ‘அழகி’ படத்தில் பாடியதற்குச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது பெற்றார். இந்திப் பாட்டால் தமிழ்ப் பிள்ளைகளின் காதுக்குள் வந்த சிறுமி, கால் நூற்றாண்டு கழித்துத் தமிழ்ப் பாட்டுக்கே தேசிய விருது வாங்கியது ஒரு நல்ல பொருத்தம்.

படத்துக்கு முந்தைய படிகள்

இந்தப் படம் திடீரென முளைத்ததன்று. தமிழ்நாட்டிலேயே ஜெமினி ஸ்டூடியோ 1947இல் ‘சினிமா கதம்பம்’ என்ற கார்ட்டூன் படத்தை எடுத்தது. ஆனால் தொடர்ந்து கார்ட்டூன் எடுக்கும் அமைப்பு என்று ஒன்று உருவானது பிலிம்ஸ் டிவிஷனில்தான். 1948இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனம் 1956இல் கார்ட்டூன் பிரிவை அமைத்தது. பயிற்சி தர அமெரிக்காவிலிருந்து கிளேர் வீக்ஸ் வந்தார். அவர் டிஸ்னி நிறுவனத்தில் ‘ஸ்னோ ஒயிட்’, ‘பாம்பி’ முதலிய படங்களில் வேலை செய்தவர். அந்தப் பயிற்சியின் விளைவாக 1957இல் ‘தி பேன்யன் டீர்’ வெளிவந்தது. அதன் கதை புத்த ஜாதகக் கதைகளில் ஒன்று. அவரிடம் பயின்றவர்களில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்த ராம் மோகனும் இருந்தார். ராம் மோகனிடம் பயின்றவர் பீம்சைன்.

ஆனால் டிஸ்னியின் பாணி அப்படியே தொடரவில்லை. ‘பேன்யன் டீர்’ படத்தில் மான்கள் உண்மை மான்களைப் போல மெல்ல அசையும். ‘ஏக் அனேக்’ பறவைகளோ கோலத்தில் வரும் பறவைகளைப் போலத் தட்டையானவை, வண்ணம் மிகுந்தவை. 1950களில் அமெரிக்காவின் யு.பி.ஏ. நிறுவனம் பரப்பிய எளிய கோட்டு முறை உலகெங்கும் கார்ட்டூன் கலைஞர்களை ஈர்த்த காலத்துக்குப் பின் வந்த படம் இது. குறைந்த அசைவு, குறைந்த செலவு, அழுத்தமான வடிவம் என்பதே அந்த முறை. நம் நாட்டுக்கு அது நன்றாகவே பொருந்தியது.

மாணவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். திரைப்படத்தில் ஒரு விநாடிக்கு 24 சட்டகங்கள் ஓடும். 7 நிமிடத்துக்கு 420 விநாடி; 420 × 24 = 10,080 சட்டகங்கள். ஒரு படத்தை இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்தினாலும் 5,040 படங்கள் வேண்டும். கணினி இல்லாத காலத்தில் இவை அனைத்தையும் கையால் வரைந்து, ஒளி ஊடுருவும் தாளில் வண்ணம் தீட்டி, ஒவ்வொன்றாகக் கேமராவின் கீழ் வைத்துப் படம்பிடிக்க வேண்டும். ஆகவே கையால் செய்யும் கார்ட்டூனில் ஒரு சிறகடிப்பை வரைந்துவிட்டு அதையே சுழற்சியாகத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது வழக்கம். ஒரு பறவையைப் பல பறவைகளாக்குவது படத்தின் பாடம் மட்டுமன்று; அந்தத் தொழிலின் அன்றாட வேலையும் அதுதான்.

மொழி தெரியாமலே புரிந்த படம்

எங்கள் பகுதியில் இந்தப் படத்தைப் பார்த்த பிள்ளைகளுக்கு இந்தி தெரியாது. ஆயினும் படம் புரிந்தது. இதற்கு இரண்டு காரணங்கள் சொல்லலாம்.

முதலாவது, சொற்கள். ‘ஏகம்’, ‘அநேகம்’ ஆகிய இரண்டும் வடமொழி வழியாகத் தமிழில் வெகுகாலமாக வழங்கும் சொற்கள். திருவாசகத்தின் சிவபுராணத்தில் இறைவனுக்குரிய பெயர்களாகவே ஏகன், அநேகன் என்பவை அருகருகே வருகின்றன. ‘அநேகம் பேர் வந்திருந்தார்கள்’ என்று எங்கள் ஊர்ப் பாட்டிகளும் சொல்வார்கள். தலைப்பில் பாதி தமிழ்ப் பிள்ளைக்கு முன்பே தெரியும்.

இரண்டாவது, அமைப்பு. இந்தியில் பன்மையாகும்போது சொல்லின் ஈறு மாறும். அந்த ஒலி மாற்றத்தையே பாட்டு மெட்டாக்குகிறது. காது ஒரு மாற்றத்தைக் கேட்கும்போது கண் ஒன்று பலவாவதைக் காண்கிறது. தமிழில் இதை இன்னும் அழகாகச் சொல்லலாம். ஒருமை, பன்மை, ஒற்றுமை என்ற மூன்று சொற்களை வரிசையாக எழுதினால் அதுவே படத்தின் கதைச்சுருக்கம். முதல் இரண்டும் இலக்கணம்; மூன்றாவது வாழ்க்கை. நான் ஒருமை–பன்மை பாடம் நடத்தும்போதெல்லாம் இப்படித்தான் கரும்பலகையில் எழுதித் தொடங்குவேன்.

மூலக்கதைகள் இரண்டு

வலையோடு பறந்த பறவைகளின் கதை மிகப் பழையது. அதன் இரண்டு வடிவங்களைப் படத்தோடு ஒப்பிட வேண்டும்.

ஒன்று பஞ்சதந்திரத்தின் இரண்டாம் பகுதியில் வருகிறது. தமிழில் அப்பகுதியைச் சுகிர்லாபம் என்பர். தாண்டவராய முதலியாரின் பஞ்சதந்திர உரைநடை 1826இல் வெளிவந்தது முதல் தமிழ்ப் பள்ளிகளில் இக்கதை சொல்லப்பட்டு வருகிறது. சித்திரக்கிரீவன் என்ற புறாவரசன் தன் கூட்டத்தோடு வலையில் சிக்குகிறான். அனைவரும் ஒன்றாகப் பறக்கலாம் என்ற யோசனை அவனுடையது. நண்பனான இரணியகன் என்ற எலியிடம் போய் இறங்குகிறார்கள். எலி முதலில் அரசனின் கட்டை அறுக்க வர, அவன் மறுத்துவிடுகிறான். என்னை நம்பி வந்தவர்களின் கட்டுகளை முதலில் அறு என்கிறான்.

மற்றொன்று புத்த ஜாதகத்தில் உள்ள காடைகளின் கதை. வேடன் வலை வீசும்போதெல்லாம் காடைகள் ஒன்றாக வலையைத் தூக்கிக்கொண்டு போய் முட்புதரில் போட்டுவிட்டுத் தப்புகின்றன. நாள்தோறும் வெறுங்கையோடு வரும் வேடனை அவன் மனைவி கடிந்துகொள்கிறாள். எல்லாம் அவை சண்டையிடும் வரைதான் என்று அவன் பொறுமையாக இருக்கிறான். ஒருநாள் ஒரு காடை தெரியாமல் இன்னொன்றின் தலையை மிதித்துவிடுகிறது. வாய்ச்சண்டை மூள்கிறது. நீயே தூக்கு, நீயே தூக்கு என்று இரு பக்கமும் வீம்பு பிடிக்கும் நேரத்தில் வேடன் வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகிறான்.

திறனாய்வு: படம் எடுத்ததும் விட்டதும்

மூலக்கதைகளிலிருந்து படம் மூன்றை விட்டுவிட்டது.

முதலாவது, அரசன். படத்தில் பறவைகளுக்குத் தலைவன் இல்லை. எல்லாப் பறவைகளும் ஒன்றே. இது படத்தின் பெரிய நன்மை என்பது என் கருத்து. ஒருவர் ஆணையிட மற்றவர் பின்செல்வதை ஒற்றுமை என்று படம் சொல்லவில்லை. குடியாட்சி நாட்டுப் பிள்ளைக்கு இதுவே பொருத்தம். ஆனால் அரசனோடு சேர்த்து இன்னொன்றும் போய்விட்டது. யாருடைய கட்டை முதலில் அறுப்பது என்ற கேள்வி படத்தில் இல்லை. எல்லாரும் சேர்ந்து பறந்து இறங்கிய பிறகுதான் உண்மையான சோதனை தொடங்குகிறது. வலுவுள்ளவன் தன் கட்டை முதலில் அறுத்துக்கொள்வானா, கடைசியில் நிற்பானா என்பதில்தான் ஒற்றுமை நிலைக்கும். பஞ்சதந்திரம் அதை அறிந்திருந்தது.

இரண்டாவது, சண்டை. ஒற்றுமை ஒருமுறை வந்துவிட்டால் என்றும் இருக்கும் என்பது போலப் படம் முடிகிறது. ஒருவர் தலையை ஒருவர் தெரியாமல் மிதிப்பதில்தான் அது உடையும் என்று ஜாதகக் கதை சொல்கிறது. படம் பிலிம்ஸ் டிவிஷன் வெளியீடு. அரசு தன் மக்களுக்குச் சொன்ன பாடம். ‘நாம் ஒன்று’ என்று சொல்வது அதன் வேலை. யார் யாருடைய தலையை மிதித்தார்கள், மிதிபட்டவர் வாய் திறந்தால் அதை எப்படிக் கேட்பது என்பதை அது சொல்லவில்லை. 7 நிமிடப் படத்திடம் இதைக் கேட்பது அநியாயம் என்று சிலர் சொல்லலாம். ஆனால் ஜாதகக் கதையும் சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்தான் ஆகும்.

மூன்றாவது, வலை. இதைச் சொல்லித்தந்தவன் என் மாணவன்.

ஏரிக்கரையில் ஒரு கேள்வி

1980களின் பிற்பகுதியில் நான் பழவேற்காடு ஏரிக்கரையிலுள்ள ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்புக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். திருப்பாலைவனம் பக்கமிருந்து சைக்கிளில் போய்வருவேன். ஊராட்சித் தொலைக்காட்சிப் பெட்டி முன்னால் பிள்ளைகள் மாலையில் கூடுவார்கள். அதில் இந்தப் படத்தை அவர்கள் பலமுறை பார்த்திருந்தார்கள். எனவே ஒற்றுமை பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லும் நாளில் இதையே கதையாகச் சொன்னேன். கடைசியில், இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டீர்கள் என்று கேட்டேன். ஒற்றுமையே வலிமை என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் சொன்னது. பின்வரிசையில் ஒருவன் மட்டும் எழுந்து நின்றான்.

“சார், பறவைங்க வலையத் தூக்கினு பூட்ச்சே. அந்த ஆளு மறுநாள் தொழிலுக்கு எதை எடுத்துனு போவான்?”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். “அவன் கெட்டவன்டா, உட்காரு” என்றேன். அவன் உட்கார்ந்துவிட்டான். அவன் முகம் மட்டும் உட்காரவில்லை.

அவன் அப்பாவும் வலைக்காரர். எங்கள் பகுதியில் வலை என்பது கடன். வியாபாரியிடம் முன்பணம் வாங்கி வலை எடுப்பார்கள். பிடித்ததை அவரிடமே போட்டுக் கழிப்பார்கள். ஒரு வலை ஏதாவதொன்றில் மாட்டிக் கிழிந்தால் அந்த வீட்டில் பல நாள் அடுப்பின் நிலையே மாறிவிடும். திரையில் வலை மேலே எழும்பியபோது மற்ற ஊர்ப் பிள்ளைகள் பறவைகளைப் பார்த்தார்கள். அவன் வலையைப் பார்த்திருக்கிறான். ‘வேடன் யார்’ என்று படத்தில் வரும் பிள்ளைகள் கேட்கிறார்கள். ‘பறவை பிடிப்பவன்’ என்ற பதிலோடு திருப்தி அடைகிறார்கள். மீன் பிடிப்பவன் வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பதில் போதவில்லை. போதாதுதான்.

பல ஆண்டுகள் கழித்துப் பஞ்சதந்திரத்தின் வடமொழி மூலத்தை உரையோடு படித்தபோது நான் ஓரிடத்தில் நின்றுவிட்டேன். புறாக்கள் பறந்து மறைந்ததும் வேடன் புலம்புகிறான். பறவைக்கறி கிடைக்காதது ஒருபுறம் இருக்கட்டும், குடும்பத்தைக் காப்பாற்றும் வழியான வலையும் போயிற்றே என்பது அந்தப் புலம்பலின் பொருள். என் மாணவன் கேட்டது இதைத்தான். பஞ்சதந்திரக்காரர் அந்தக் கேள்விக்கு ஒரு வரி இடம் தந்திருந்தார். ஜாதகக் கதையிலும் வேடனுக்கு ஒரு வீடு இருக்கிறது, கேள்வி கேட்கும் மனைவி இருக்கிறாள். 1974இன் கார்ட்டூனில்தான் வேடனுக்கு வீடு இல்லை. நான் சொன்ன கதையிலும் இல்லை. நூலைப் படிக்காமல் கதையை மட்டும் சொன்ன பிழை என்னுடையது.

பறவைகள் சிக்கிச் செத்திருக்க வேண்டும் என்று அவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பறவைகள் தப்பியது சரி. எதிரில் நிற்பவனுக்கும் பசி உண்டு என்பதைக் கதைக்குள் வைத்தால் ஒற்றுமைப் பாடம் கெட்டுவிடாது, ஆழமாகும். எதிரிக்கு முகமே இல்லாமல் செய்துவிட்டுச் சொல்லித்தரும் ஒற்றுமை, நாளைக்கு யாரை வேண்டுமானாலும் வேடன் என்று காட்டலாம்.

பாடு முறை: ஏரி சொல்லித்தரும் ஒற்றுமை

எங்கள் ஏரியில் ஒற்றுமைக்கு வேறோர் எடுத்துக்காட்டு உண்டு. அதற்குப் ‘பாடு’ என்று பெயர். பழவேற்காடு ஏரி, சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலுமாகப் பரந்து கிடக்கிறது. அதன் தென்பகுதியில் முகத்துவாரத்தை ஒட்டி இறால் மிகுதியாகக் கிடைக்கும் இடங்கள் சில. எல்லாரும் ஒரே நாளில் அங்கே வலை கட்டினால் யாருக்கும் எதுவும் மிஞ்சாது. ஆகவே யார், எந்த முறையில், எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு முடிவுசெய்யும் வழக்கம் வழிவழியாக இருக்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் இதற்குப் பெயர்பெற்றவை. நல்ல இடம் இன்று உனக்கு, நாளை எனக்கு. வலை உள்ளவர்களே தங்களுக்குள் முறை வைத்துக்கொள்ளும் ஏற்பாடு இது. இந்த ஒற்றுமையில் ஒரே நேரத்தில் சேர்ந்து பறப்பது இல்லை. ஒருவர் வலை கட்டும்போது மற்றவர் ஒதுங்கி நிற்பதே முறை.

ஆனால் இதையும் முழுதாகப் புகழ்ந்துவிட முடியாது. பாட்டில் பெயர் உள்ளவர்களுக்குத்தான் சீட்டு. பெயர் இல்லாத பிற சமூகத்து மீனவர்களுக்கும், தண்ணீரில் இறங்கிக் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் இருளர்களுக்கும் அந்த இடங்கள் இல்லை. இதனால் ஏரியில் சச்சரவுகள் வந்திருக்கின்றன. உள்ளே இருப்பவர்களுக்கு ஒற்றுமையாகத் தெரிவது, வெளியே நிற்பவர்களுக்குக் கதவாகத் தெரியலாம். ‘நாம் ஒன்று’ என்று பாடும்போதெல்லாம், அந்த ‘நாம்’ எதுவரை என்று கேட்கப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும்.

படம் கடைசியில் தரும் மாலை உவமையையும் நான் இப்படித்தான் பார்க்கிறேன். பூக்கள் பல, மாலை ஒன்று என்பது அழகு. ஆனால் பூக்கள் தாமாக மாலை ஆவதில்லை, யாரோ தொடுக்கிறார்கள். எங்கள் பிள்ளைகளிடம் கேட்டால் வலையையே உவமையாகச் சொல்வார்கள். ஆயிரம் கண்கள் சேர்ந்து ஒரு வலை. ஒரு கண் அறுந்தாலும் மீன் அந்த வழியாகவே போகும். அதனால்தான் கரைக்கு வந்ததும் முதல் வேலை கிழிந்த இடத்தைத் தேடிப் பின்னுவது. எந்தக் கண் அறுந்திருக்கிறது என்று பார்ப்பதும் ஒற்றுமையின் வேலைதான்.

வகுப்பறையில் பயன்படுத்துவோருக்கு

இத்தனை குறை சொன்னாலும், இந்தப் படத்தை இன்றும் பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்றே பரிந்துரைக்கிறேன். பிள்ளைகள் கேள்வி கேட்க, கேள்வியே கதையை நகர்த்தும் படங்கள் நம்மிடம் குறைவு. பதில் சொல்லும் அக்காவும் யாரையும் அதட்டுவதில்லை. கடைசியில் பிள்ளைகள் தாங்களே மாம்பழத்தைப் பறித்துப் பாடத்தைச் சரிபார்க்கிறார்கள். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் ‘செய்து கற்றல்’ என்று எங்களுக்குப் பக்கம் பக்கமாகச் சொன்னதை இந்தப் படம் அரை நிமிடத்தில் காட்டிவிடுகிறது.

காட்டும் முறை பற்றிச் சில யோசனைகள்:

முதலில் ஒலியில்லாமல் காட்டுங்கள். கதையைப் பிள்ளைகளே தமிழில் சொல்லட்டும். இந்தி தெரியாதது தடையன்று என்பதை அவர்களே உணர்வார்கள்.

அடுத்து ஜாதகக் காடைகளின் கதையைச் சொல்லுங்கள். எது உண்மைக்கு நெருக்கமாக இருக்கிறது, ஏன் என்று கேளுங்கள்.

மீனவ ஊர்களில் இத்தாலிய-அமெரிக்க ஓவியர் லியோ லியோனியின் ‘ஸ்விம்மி’ (1963) என்ற படக்கதையையும் சேர்த்துக்கொள்ளலாம். அதில் சிறுமீன்கள் சேர்ந்து ஒரு பெரிய மீனின் வடிவில் நீந்துகின்றன. ஆனால் ஒவ்வொரு மீனுக்கும் அதில் ஓர் இடம் உண்டு. கருநிற மீன் கண்ணாக நிற்கிறது. ஒரே மாதிரி ஆவதும் ஒன்றுசேர்வதும் வேறு வேறு என்பதை விளக்க இதைவிட எளிய படம் கிடைக்காது.

கடைசியாக, படத்தில் வரும் பிள்ளைகள் கேட்காமல் விட்ட ஒரு கேள்வியை எழுதித் தரச் சொல்லுங்கள். வரும் கேள்வி எதுவானாலும் சிரிக்காதீர்கள்.

மதிப்பீடு

‘ஏக் அனேக் ஔர் ஏக்தா’ இந்தியக் கல்விப் படங்களில் முதல் வரிசையில் வைக்கத் தக்கது. இசை, ஓவியம், கற்பிக்கும் முறை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று மிதிக்காமல் சேர்ந்திருக்கின்றன. இவ்வளவு எளிமையாக ஓர் அருஞ்சொல்லைப் பிள்ளைக்குப் புரியவைத்த படம் நம் நாட்டில் அரிது. அதன் குறை, ஒற்றுமையைச் சொன்ன அளவுக்கு நீதியைச் சொல்லாதது. அதை நிரப்புவது படத்தைக் காட்டும் ஆசிரியரின் பொறுப்பு.

அந்த மாணவனுக்கு இப்போது நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கும். ஏரிக்குத்தான் போகிறார். ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள் கரையில் அவரைப் பார்த்தேன், வலை பின்னிக்கொண்டிருந்தார். பஞ்சதந்திரத்தில் வேடன் புலம்பும் இடத்தைச் சொல்லி, உன் கேள்வி அன்றைக்கே சரிதான் என்றேன். என்ன கேள்வி என்று அவருக்கு நினைவில்லை. சொன்னதும் சிரித்தார். “அதானே சார், கேக்காம எப்டி இருக்கறது” என்றார். பிறகு கீழே குனிந்து விட்ட இடத்திலிருந்து பின்னத் தொடங்கினார்.